மலாக்கா அறையில் கிப்லா

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதை மகள் றுஷ்னாவுக்கு முதலே சொன்னேன். அவள் கேட்கவில்லை. புருஷனோடு கோலாலம்பூரில் இருக்கிறாள், வேலையும் அங்கேதான். என்னையும் என் மனைவி மரியத்தையும் கூப்பிட்டு ஒரு கிழமை வீட்டில் வைத்திருந்தாள். பிறகு ஐந்து நாளைக்கு மலாக்காவில் அறை எடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். "உம்மா அடுப்படிக்குப் போகாம அஞ்சு நாள் இருக்கட்டும் வாப்பா, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது என் எண்ணம். எழுபத்திரண்டு வயதில் அந்த எண்ணத்தை மாற்ற முடியாது.

அது ஜனவரி மாதம். புத்தளம் பக்கம், எங்கள் கண்டக்குழியில் கடல் தட்டுப்போல் கிடக்கும் காலம். மீன் படும் நாளில் வள்ளத்தை மூத்த மகளின் புருஷன் ஜௌபரின் கையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஜௌபர் கெட்டவன் இல்லை. ஆனால் என்ஜினை அவன் தொட்டால் என்ஜினுக்குக் காய்ச்சல் வரும். காலையும் மாலையும் போன் எடுத்துக் கேட்டேன்.

"மாமா, வள்ளம் இருக்கு, என்ஜின் இருக்கு, நானும் இருக்கன். நீங்க அங்க ஊரப் பாருங்க" என்றான்.

"எண்ணெய் பாத்தியா?"

"பாத்த."

"என்னத்தப் பாத்த? மூடியத் திறந்து பாத்தியா, மேலால பாத்தியா?"

அவன் சிரித்தான். சிரித்தால் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் அறை ஐந்தாம் மாடியில். பெரிய கட்டில், ஒரு கதிரை, சின்ன மேசை. யன்னலைத் திறந்தால் தூரத்தில் கடல். அதைக் கண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. யன்னலுக்கு வலப்பக்கம் குளியலறை. போய்ச் சேர்ந்த அன்று பகல் நான் கடலைப் பார்த்துத் தொழுகைப் பாயை விரித்தேன். எங்கள் ஊரில் கடல் மேற்கே. தொழுகைக்கு முகம் திருப்புகிற கிப்லாவும் மேற்கே. பிறந்த நாள் முதல் கடலைப் பார்த்துத்தான் தொழுதிருக்கிறேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மரியம் கட்டிலில் சாய்ந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்க, மேல ஒரு அம்பு ஒட்டியிரிக்கி. பக்கத்தில கஃபா படமும் போட்டிரிக்கி."

பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு அம்பு. அது கடலைக் காட்டவில்லை. நேரே குளியலறைச் சுவரைக் காட்டியது.

"கக்கூசைப் பாத்துத் தொழச் செல்றானா?" என்றேன்.

"கக்கூசுக்கு அங்கால மக்கா இருக்காதா?"

"கீழ சாவி தந்த பொடியன் மேசையில சாமி வச்சு ஊதுபத்தி கொளுத்தியிருக்கான். அவனுக்கு என்ன கிப்லா தெரியும்? ஏணிய எங்க வைக்க வசதியோ அங்க ஏறி ஒட்டியிருப்பான். நீ எழும்பி வா."

அவள் எழும்பி வந்தாள். எனக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் கல்யாணம் முடித்து நாற்பத்தாறு வருசம். நான் பள்ளிவாசலுக்குப் போகாத தொழுகை வக்தில் எல்லாம் வீட்டில் நான் முன்னால் நிற்பேன், அவள் பின்னால் நிற்பாள். கடலில் இருந்து வந்து உப்போடு நின்றாலும் அப்படித்தான். சண்டை பிடித்த நாளிலும் அப்படித்தான். முன்னால் நான் நின்றால் பின்னால் மரியம் இருப்பாள், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

தொழுது முடித்து நான் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு கதவைத் திறந்தால், நேர் முன்னால் மரியம். வெள்ளைத் தொழுகை உடுப்போடு தக்பீர் சொல்லிக் கைகட்டிக் குளியலறையைப் பார்த்தபடி நிற்கிறாள். தொழுகிற ஆளுக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. அறையோ ஒடுக்கம். நான் துவாயைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றேன். நின்று, குனிந்து, நெற்றி வைத்து எழும்பி ஒரு ரக்அத் முடிந்தது. இரண்டு முடிந்தது. தலையில் இருந்து தண்ணீர் வடிகிறது. அவள் அவசரப்படவில்லை. நாலு ரக்அத்தையும் ஆறுதலாக முடித்து, ஸலாம் கொடுத்து, ஓதி, முகத்தைத் தடவினாள். அதற்குப் பிறகுதான் என்னால் வெளியே வர முடிந்தது.

"இப்பதானே எனக்குப் பின்னால தொழுத?"

"ஓம்."

"பிறகு இது என்ன?"

"அது கூடிச்சோ, வீணாப் போச்சோ என்னமோ. அதுதான் திருப்பித் தொழுத."

"நாப்பத்தாறு வருசம் கூடின தொழுக இண்டைக்குக் கூடலியா?"

"ஊர்ல கூடிச்சு. இது ஊர் இல்லியே." பாயை மடித்தாள். "யாரிட்டயாவது கேட்டுப்போட்டு வாங்க. கேட்கும் வரைக்கும் நான் உங்களுக்குப் பின்னால நிக்க மாட்டன்."

"எனக்குத் திச தெரியாதா? கடல்ல கிடந்த ஆளுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் என்னைப் பார்த்து எத்தனையோ வருசம்.

"ஃபைஸலும் அண்டைக்குக் கேக்கத்தான் சொன்னான்" என்றாள்.

ஃபைஸல் அவளுடைய தம்பி. அந்தப் பேச்சை இருபது வருசத்துக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மூடி வைத்துக் கதை எழுத எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவனும் நானும் தூரக் கடலுக்குப் போனோம். வானம் முழுக்கச் சாம்பல் நிறம். சூரியன் இல்லை. கரையும் இல்லை. ஃபைஸலிடம் ஒரு சின்னக் கொம்பாசு இருந்தது, திசை காட்டும் பெட்டி, புத்தளத்தில் வாங்கியது. "மச்சான், இது அந்தப் பக்கம் கிழக்கெண்டு காட்டுது, திருப்புங்க" என்றான். நான் அலையைப் பார்த்து ஓடுகிறவன். பெட்டி பழுது என்றேன். பகல் முழுக்க என் திசைக்கு ஓடினேன். எண்ணெய் முடிந்தது. மறுநாள் இந்தியாக்காரன் பிடித்தான். நாலு மாதம் உள்ளே. அந்த நாலு மாதத்துக்குள் மரியத்தின் உம்மா மவ்த்தானார். ஃபைஸல் ஊருக்கு வந்தபோது கபுறில் புல் முளைத்திருந்தது. அதற்குப் பிறகு அவன் கடலுக்கு இறங்கவில்லை. முந்தலில் கடை வைத்திருக்கிறான். கொம்பாசு பழுது என்று எல்லாருக்கும் சொன்னேன். காட்டு என்று கேட்டவர்களுக்குக் கடலில் எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். எறிந்தது உண்மை. அவன் அலுத்துப்போய் நித்திரை கொண்ட நேரம் எறிந்தேன்.

மரியம் மடித்த பாயைக் கதிரையில் வைத்தாள். இன்னும் ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன்.

அன்று பின்னேரத் தொழுகை அஸருக்கு நான் யன்னலைப் பார்த்து நின்றேன். அவள் குளியலறைச் சுவரைப் பார்த்து நின்றாள். ஒடுங்கின அறை. நான் ருகூவுக்குக் குனிந்தால் என் முழங்கை அவள் தோளில் படும். ஒரே கட்டிலில் படுக்கிறோம், ஒரே பீங்கானில் தின்கிறோம், ஆளுக்கொரு திசையில் தொழுகிறோம். மஃரிபுக்கும் அப்படி. இஷாவுக்கும் அப்படி. எனக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. முதுகு வெறுமையாக இருந்தது, வள்ளத்தின் பின்பக்கத்தில் ஆள் இல்லாததுபோல.

அடுத்த நாள் ஊர் பார்க்கப் போனோம். ஒல்லாந்தன் கட்டிய சிவப்புக் கட்டடங்கள் இருக்கின்றன. கற்பிட்டியிலும்தான் ஒல்லாந்தன் கோட்டை கட்டினான், அதற்குள் நேவிக்காரன் இருக்கிறான், நாங்கள் வாசலோடு போய்விடுவோம். இங்கே கட்டடத்தின் முன்னால் ஐஸ் விற்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். பூவும் பொம்மையும் கட்டிய மூன்று சில்லு சைக்கிள்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகின்றன. மரியம் ஒன்றில் ஏற வேண்டும் என்றாள். வயது அறுபத்தாறு. ஏறினாள். நான் ஏறவில்லை. அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்தேன். ஓட்டுகிற ஆள் சிரித்தான். மரியமும் சிரித்தாள். பூக்களுக்கு நடுவே இருந்துகொண்டு, "றுஷ்னாட வாப்பா, நீங்க நடந்தே சிலாபத்துக்குப் போயிருவீங்க போல" என்றாள்.

பிறகு ஆற்றோரத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாணியும் ஊற்றிய ஐஸை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாகத் தின்றாள். ஆட்களை ஏற்றிய படகுகள் மேலும் கீழும் போயின. எங்கேயும் போய்ச் சேராமல் திரும்பி வந்தன. இரண்டு மணித்தியாலம் அதைப் பார்த்தாள். நான் பாலத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், இன்னொரு பாலத்துக்குப் போனேன். ஒரு படகின் என்ஜின் சத்தம் பிழையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை.

"இரிங்களேன்" என்றாள்.

"இருந்து?"

"இருந்து ஒண்டும் இல்ல. இருக்கிறது."

"எழும்பு, அறைக்குப் போவம். வக்து வரும்."

"அறைக்குப் போய்? நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதுக்கு இந்த ஆறு நல்லம்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஐஸைத் தின்றுகொண்டே சொன்னாள். அவளுக்கு எழும்ப அவசரம் இல்லை. எனக்குத்தான் கால் நிற்கவில்லை. என் பின்னால் ஒரு ஆள் நிற்கவில்லை என்றால் ஊரில் யாருக்குத் தெரியப் போகிறது? அப்படி என்னை நானே கேட்டேன். பதில் நல்லதாக வரவில்லை. ஊருக்குப் போன பிறகும் நிற்க மாட்டாள் என்று பயமாக இருந்தது. கடல் எங்கள் முன்னால் மேற்கே கிடந்தாலும் நிற்க மாட்டாள். இது அம்பு வழக்கு இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் அஸருக்கு நான் தனியாகப் பழைய தெருவில் இருக்கிற பள்ளிவாசலுக்குப் போனேன். அதன் கூரையைப் பார்த்தால் பள்ளிபோல் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. முற்றத்தில் ஒளு எடுக்கப் பெரிய தண்ணீர்த் தொட்டி. ஒரு தமிழ் மனுசர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என் சாரத்தைப் பார்த்து, "பாய்க்கு எந்த ஊரு? சிலோனா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். ஓட்டலில் அம்பு ஒட்டியிருக்கிறார்கள், அதை நம்பலாமா என்றேன்.

"நம்பாம? எங்க ஊர்ல கிப்லாவத் தப்பா ஒட்டிட்டு ஒருத்தன் ஓட்டல் நடத்திட முடியுமா பாய்? ஆளுங்க சும்மா விடுவாங்களா?"

"நான் கடலப் பாத்துத் தொழுதன்."

"கடலையா?" அவர் வாயைப் பொத்தினார். "அந்தப் பக்கம் சுமாத்திரா இருக்கு பாய். அதையும் தாண்டிப் போனா வெறும் தண்ணிதான்."

அந்த ஆளை நான் நம்பவில்லை. அவரவர் ஊரை அவரவர் பிழை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஜமாஅத்தில் மற்ற ஆட்களோடு நின்றேன். இமாமுக்கு முன்னால், கிப்லாச் சுவரில், மிஹ்ராபு மாடம். இடப்பக்கக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. நின்ற உடனே என் இடது கன்னம் சுட்டது. வெயில். நாலு ரக்அத்தும் அந்தக் கன்னத்தில் மட்டும் வெயில் இருந்தது. மூக்கில் இல்லை, வலப்பக்கம் இல்லை.

இரண்டு நாளும் அறையில் அஸர் தொழுதபோது வெயில் இரண்டு கண்ணிலும் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டு தொழுதேன்.

ஸலாம் கொடுத்ததும் துஆவுக்கு நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துதான் போட்டேன். சூரியன் இறங்கிவிட்டால் கணக்குப் போய்விடும். சனத்துக்குள்ளால், சைக்கிள்களுக்குள்ளால் விழுந்தடித்துப் போனேன். ஒரு வெள்ளைக்காரனின் ஐஸைத் தட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்க நேரம் இல்லை. லிப்ட் வரவில்லை. ஐந்து மாடியும் ஏறினேன்.

மரியம் அறையில் இல்லை. யன்னல் திரையை இழுத்தேன். கடலைப் பார்த்து நின்றேன். வெயில் நேரே கண்ணில். பிறகு திரும்பி, அம்பைப் பார்த்து, அது காட்டுகிற சுவருக்கு நெஞ்சை நிறுத்தினேன். இடது கன்னம் சுட்டது. பள்ளியில் சுட்ட அதே இடம்.

அம்பை நம்பாமல் இருக்கலாம், அந்த மனுசரை நம்பாமல் இருக்கலாம். வெயிலை என்ன செய்வது?

கட்டிலில் இருந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. முதலில் எனக்கு வந்த யோசனை இதுதான்: ஒன்றும் பேசாமல் பாயைத் திருப்பிப் போடுவது. கேட்டால், பள்ளியில் சொன்னார்கள் என்று சொல்வது. அதோடு கதை முடியும். நான் நல்லவன் என்று எழுத வரவில்லை, யோசித்ததை எழுதுகிறேன்.

மரியம் ஒரு பையில் பழத்தோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, நாய் துரத்தினதா?"

"அம்பு சரி" என்றேன்.

பையை மேசையில் வைத்தாள். "யாரிட்டக் கேட்டீங்க?"

"வெயிலிட்ட."

அவள் கதிரையில் இருந்தாள். பழத்தின் தோலை உரிக்கத் தொடங்கினாள். ரம்புட்டான். எனக்கு ஒன்று நீட்டினாள். கையில் வைத்துக்கொண்டேன்.

"மரியம், ஃபைஸல்ட கொம்பாசும் சரிதான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது பழுதில்ல எண்டு."

"அவன் சொன்னானா?"

"அவன் ஒண்டும் செல்லல்ல. நீங்க அதக் கடல்ல எறிஞ்ச எண்டு சொன்னீங்களே, அண்டைக்கே தெரியும். நீங்க எந்தப் பழுதான சாமானயாவது எறிஞ்சிருக்கீங்களா? வீட்டுக்குப் பின்னால நாலு செத்த என்ஜின் கிடக்கு. உடைஞ்ச றேடியோ மூணு. ஒரு குடைக் கம்பியக் கூட எறிய விடமாட்டீங்க. நல்ல சாமானாயிருந்தா மட்டும்தான் நீங்க எறிஞ்சிருப்பீங்க."

அவள் குரல் உயரவே இல்லை. கொட்டையைக் கடதாசியில் துப்பினாள்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் செல்லுவீங்க. பிறகு அதையும் நான் தெரிஞ்சிக்கிட்டே உங்களுக்குப் பின்னால நிக்கணும். ஒண்டு போதும் எண்டு இருந்த."

நான் யன்னலைப் பார்த்தேன். கடல் வெள்ளையாகக் கிடந்தது.

"எனக்குச் சொல்லி என்ன?" என்றாள். "உம்மா எனக்கு மட்டுமா உம்மா? போன எடுங்க."

"இப்பவா? ஊருக்குப் போய், நேரில..."

"ஊருக்குப் போனா நீங்க கடலுக்குப் போயிருவீங்க."

என் போனை எடுத்து அவளே இலக்கத்தை அழுத்தி என் கையில் தந்தாள். முந்தலில் கடை திறந்திருக்கிற நேரம். பின்னால் யாரோ பருப்பு விலை கேட்கிற சத்தம் வந்தது.

"யாரு, மச்சானா? மலேசியாவில இருந்தா? ராத்தாக்கு சுகமா?" ஃபைஸல் பதறிப்போனான்.

"சுகம். சுகம். நான் ஒண்டு செல்ல எடுத்த. அண்டைக்கு உன்ட கொம்பாசு பழுதில்ல. அண்டைக்கிப் பின்னேரம் வெளிச்சம் வந்தது, சூரியன் நீ சொன்ன கிழக்குக்கு எதிர்ப்பக்கம்தான் இறங்கினது. நீ நித்திர. அதுக்குப் பிறகுதான் எறிஞ்ச."

பருப்புக்காரன் திரும்ப விலை கேட்டான். பிறகு அந்தச் சத்தமும் நின்றது. நான் போன் அறுந்துபோச்சு என்று நினைத்துக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன்.

"இதச் செல்ல மலேசியாவுக்குப் போகணுமா மச்சான்?" என்றான் கடைசியில்.

"ஓம் போல."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

"ம். கடையில ஆள் நிக்கிது. ராத்தாக்கு சலாம் செல்லுங்க." வைத்துவிட்டான்.

எனக்குச் சலாம் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். மரியமும் கவனித்திருப்பாள். "சலாம் சொன்னான்" என்றேன். "வஅலைக்கும் ஸலாம்" என்றாள். மிச்சப் பழத்தைக் கட்டிவைத்தாள்.

சூரியன் இறங்கி மஃரிபு வரும்வரை நான் அறைக்குள் நடந்தேன். யன்னல், கதவு, யன்னல், கதவு. அவள் போய் ஒளு எடுத்துவிட்டு வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். பிறகு நான் போய் எடுத்தேன். வெளியே வரும்போதும் அவள் அப்படியே இருந்தாள். தொழுகை உடுப்பு பக்கத்தில் மடித்தபடி கிடந்தது. வா என்று கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரியவில்லை.

பாயை அம்புக்கு நேரே விரித்தேன். குளியலறைச் சுவர் முன்னால், கட்டில் பின்னால். தொழுகை தொடங்க இகாமத் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தக்பீர் கட்டினேன்.

தொழுகையில் நின்றால் திரும்பிப் பார்க்க முடியாது. காதால் பார்த்தேன். குளிர்காற்று மெசின் உறுமிக்கொண்டிருந்தது. கீழே சைக்கிள்காரர்களின் பாட்டு. துணி சரசரத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. திரைச்சீலையாகவும் இருக்கலாம். மரியம் ஆமீன் என்று எப்போதும் தனக்குள்தான் சொல்லுவாள், வெளியே வராது. முதல் ரக்அத்தில் என்ன ஓதினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நெற்றி பாயில் பட்டபோதும் பின்னால் இன்னொரு நெற்றி பட்டதா என்றுதான் மனம் போனது. இரண்டாவதில் இருப்பில் இருந்தேன். எழும்பினேன். மூன்றாவது. ருகூ, ஸுஜூது, ஸுஜூது. கணக்கு எங்கேயோ விட்டுப்போய்விட்டது. அல்லாஹு அக்பர் என்று திரும்பவும் எழும்பி நிமிர்ந்து நின்றேன்.

மஃரிபுக்கு மூன்றுதான். நான் நாலாவதுக்கு எழும்பிவிட்டேன்.

முன்னால் நின்று தொழுவிக்கிறவன் பிழை விட்டால் பின்னால் நிற்கிற ஆண்கள் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லுவார்கள். பெண்கள் வாய் திறப்பதில்லை. ஒரு கையால் மற்றக் கையின் புறத்தில் தட்டுவார்கள். பின்னால் சேர்ந்து நின்றால்தான் தட்டலாம், கட்டிலில் இருக்கிற ஆள் தட்டமாட்டாள்.

என் முதுகுக்குப் பின்னால், ஒரு பாய்த் தூரத்தில், சடார் என்று ஒரு தட்டு விழுந்தது. மெதுவாகத் தட்டவில்லை. சுவரில் பட்டுத் திரும்பியது.

நான் முழங்காலை மடக்கி இருந்தேன்.